பினாங்கில் வெளிநாட்டுச் சமையல்காரருக்குத் தடை: உணவுச் சுற்றுலாவுக்குக் காவலா, கண்துடைப்பா?

கடாரத்தான்:
அசாம் லக்சா (புளிப்பு மீன் சாற்று நூடுல்ஸ்), சார் குவே தியாவ் (வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸ்) போன்ற உள்ளூர்ப் பண்டங்களை விற்கும் ஒட்டுக்கடைகளில் வெளிநாட்டவர் தலைமைச் சமையல்காரராக இருக்கக் கூடாது என்று மலேசியாவின் பினாங்கு மாநில அரசு 2014இல் அறிவித்து, 2016 முதல் நடைமுறைப்படுத்தியது. இதை வெறும் இனப்பற்று என்று ஒதுக்குவோருடன் நான் உடன்படவில்லை. கடலோர விடுதியைப் பணம் இருந்தால் எங்கும் கட்டலாம். கரி அடுப்பில் ஒரு தடவைக்கு ஒரு தட்டு என்று குவே தியாவைப் பிரட்டுகிறவரின் கைப்பக்குவத்தை அப்படி எழுப்ப முடியாது. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் சுற்றுலாவுக்கு அந்தக் கைதான் மூலதனம் என்னும்போது, உரிமம் பெற்றவர் சம்பளத்துக்கு ஆள் வைத்துவிட்டு வீட்டில் இருப்பதை அரசு கேட்க வேண்டாமா?

சூலியா தெருக்காரி:
ஐயா, காவடித் தண்டின் ஒரு முனையில் சோறும் மறு முனையில் குழம்புமாகச் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்கள் எந்த ஊர்க்காரர்கள்? அன்று இப்படியொரு தடை இருந்திருந்தால், நாசி கண்டாரே பிறந்திருக்காது.

கடாரத்தான்:
அவர்கள் சொந்தக் கடை போட்டு, இங்கேயே தங்கி, பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று வேலை அனுமதியில் வருகிறவர் சில ஆண்டுகளில் ஊர் திரும்பிவிடுகிறார். நாசி கண்டார் கடையில் 'குவா பஞ்சிர்', அதாவது குழம்பு வெள்ளமாக, என்று கேட்டால், மீன் கறியையும் கோழிக் குழம்பையும் பருப்பையும் எந்த அளவில் சோற்றின்மேல் சாய்ப்பது என்பது ஏட்டில் இல்லை. பார்த்துப் பழகியவர் போனால் அதுவும் கூடவே போய்விடும். தட்டு கழுவவோ பரிமாறவோ அவருக்குத் தடையில்லை.

ஆயர் ஈத்தாம் வாசி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் தந்தை ஒரு கோப்பிக் கடையில் மீ கோரேங் (வறுத்த நூடுல்ஸ்) விற்றார். நானும் தம்பியும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டோம். அவருக்கு முழங்கால் வலி வந்த பிறகு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு அரைத்துவிட்ட மிளகாய்க் குழம்பை ஆறு ஆண்டுகள் காய்ச்சியவர் ஒரு வங்காளதேச இளைஞர். அப்பா முன்னால் நின்று சட்டியில் பிரட்டுவார். சட்டப்படி சமைத்தவர் அப்பா, வாடிக்கையாளர் தேடி வந்த ருசியோ பின்னால் நின்றவருடையது. கடையை மூட வைத்தது அந்த இளைஞர் அல்ல, இடத்துக்காரர் ஏற்றிய வாடகை.

சூலியா தெருக்காரி:
நான் சொல்ல வந்ததும் இதுதான். பழைய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 1999ஆம் ஆண்டோடு முடிந்தது. 2008இல் ஜார்ஜ் டவுனுக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. பழைய கடைவீடுகள் தங்கும் விடுதிகளாகவும் அலங்காரக் காப்பிக் கடைகளாகவும் மாறின. விருந்தாளியை வரவழைக்கத் திட்டம் போட்டவர்கள், சமைக்கிறவர் எங்கே நிற்பார் என்பதை யோசிக்கவில்லை. சிங்கப்பூரைப் பாருங்கள்: 2020இல் அங்காடி உணவுப் பண்பாட்டுக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, தெருவோர வியாபாரிகளுக்கு நிலையங்களைக் கட்டிக் கொடுத்து, குறைந்த வாடகையும் வைத்திருந்தார்கள்.

கடாரத்தான்:
நல்ல உதாரணம், ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. அந்த நிலையங்களில் கடை எடுக்கக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். அண்மைக் காலம் வரை உதவியாளருக்கும் அதே விதிதான்.

சூலியா தெருக்காரி:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே விதியோடு இடமும் கிடைத்தது. 2018 முதல் புதிதாகத் தொழில் பழக வருகிறவர்களுக்கு வாடகையைக் குறைத்துக் கடை தருகிறார்கள். இங்கே விதி மட்டும் வந்தது. அந்தக் குழம்பு இன்று காய்ச்சப்படுகிறதா என்று ஆயர் ஈத்தாம் வாசிதான் சொல்ல வேண்டும்.

ஆயர் ஈத்தாம் வாசி:
இல்லை. அந்த இளைஞர் ஊருக்குப் போய்விட்டார். அளவு எனக்குத் தெரியாது. அப்பாவும் கண்ணளவில்தான் போட்டார்.