கண்ணகி நகர் மாலை வகுப்புக்கு ஒரு அண்ணன் தேவை

வணக்கம் நண்பர்களே. சென்னை கண்ணகி நகரில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். அதில் ஒரு பையனைப் பற்றித்தான் கவலை. 13 வயது, இரண்டு மாதமாகப் பள்ளிக்கே போகவில்லை. ராத்திரி கேட்டரிங் வேலைக்குப் போய்விட்டு, எங்களிடம் வந்து உட்கார்ந்ததும் நோட்டின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிடுகிறான், விரலெல்லாம் எண்ணெய் சுட்ட கொப்புளம்.

14 வயதுக்குள் இப்படி வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம், குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம், சொல்லத்தான் போகிறோம். ஆனால் பையனைக் கூட்டிக்கொண்டு போய் ஹோமில் போட்டுவிடுவார்களோ என்று அவன் அம்மா நடுங்குகிறார். இப்படி மீட்கப்படும் பிள்ளைகள் விஷயத்தில் முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு முன்னால் போய் வந்த அனுபவம் உள்ளவர்கள் யாராவது, அங்கே என்ன நடக்கும் என்று அவரிடம் பொறுமையாகப் பேச முடியுமா?

அப்புறம், வாரம் இரண்டு சாயங்காலம் அவனோடு உட்கார ஒரு அண்ணன் வேண்டும். கணக்கு தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சொன்ன நாளில் வந்து நிற்கணும். நாலு நாள் வந்து நின்றுபோனால் அவன் இன்னும் ஒடிந்துபோவான், அதனால் ஆறு மாதமாவது வர முடிந்தவர்கள் மட்டும் கீழே சொல்லுங்கள்.