புதுப்பிப்பு: குழாய் இருக்கிறது, தண்ணீர் இல்லை

ஜல் ஜீவன் திட்டத்தில் வாசலில் குழாய் வைத்தும் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்கு, 30 நாள் கெடு முடிய 2 நாள் இருக்கும்போது பதில் வந்தது. அதில் எங்கள் தெரு 'இணைப்பு முடிந்தது' கணக்கில் இருக்கிறது! ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. ஒரு சொட்டு வராத குழாயை எப்படி முடிந்ததாக எழுதினார்கள்?

அந்தப் பதிலோடு மே 1 கிராம சபையில் பேசினோம். அப்புறம்தான் ஆள் வந்து பார்த்தார். மேல்நிலைத் தொட்டி லைனில் வால்வு பாதிதான் திறக்கிறது. முன்னால் உள்ள சில வீடுகள் மோட்டார் போட்டு இழுக்கின்றன. வால்வை மாற்றிவிட்டார்கள். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுக்கு 8 குடம். மோட்டாரை யாரும் தொடவில்லை, அதற்குத் தனி மனு கொடுத்திருக்கிறோம்.