வல்லூர் அணைக்கட்டில் மாட்டிய மீனும் நம்ம கொடுவாவும்

மழை விட்டதும் கொசஸ்தலையாற்றில், வல்லூர் அணைக்கட்டுக்கு மேலே வீச்சு வலை போட்டோம். ஜிலேபி மீனோடு கருப்பாக ஒன்று வந்தது. கூட இருந்த மாமா கெளுத்தி என்றார். கெளுத்தி, தேளிக்கெல்லாம் தோல் வழவழப்பு. இதற்கு உடம்பெல்லாம் எலும்புத் தகடு, தடவினால் அரம் மாதிரி கையைக் கிழிக்கிறது. வாய் தலைக்கு அடியில், வட்டமாக, கல்லில் ஒட்டிக்கொள்ளும் வாய். வயிற்றில் புழு நெளிந்தது போன்ற வரிகள்.

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் தொட்டிப் பாசியைத் தின்ன விற்கும் ‘டேங்க் கிளீனர்’தான் இது. சொந்த ஊர் தென் அமெரிக்கா. தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்ததும் யாரோ ஏரியிலோ கால்வாயிலோ விட்டுவிடுகிறார்கள்.

கொடுவா மீனை இது தின்னுமா என்று பலர் கேட்டார்கள். தின்னாது. கொடுவா முட்டை போடுவது முகத்துவாரத்தை ஒட்டிய உப்புத் தண்ணீரில், இது நன்னீர் மீன், உப்பை ஓரளவுதான் தாங்கும். எனக்குக் கவலை குஞ்சுகளைப் பற்றித்தான். கொடுவாக் குஞ்சு கழிமுகத்திலிருந்து ஆற்றுக்குள் ஏறி, இறாலையும் பொடிமீனையும் தின்று வளரும். அந்த இறாலும் பொடிமீனும் மேய வேண்டிய பாசியையும் அடிமண்டியையும் இது ராத்திரியெல்லாம் வழித்துவிடுகிறது. கரையில் வளை தோண்டி முட்டை போடுவதால் கரையும் சரிகிறது. கொடுவாக் குஞ்சைப் பண்ணையில் பொரிக்க வைக்கலாம், சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997லேயே அதைச் செய்தது. ஆற்றில் இரை குறைந்தால் அதை எந்தப் பண்ணையிலிருந்து கொண்டுவருவது?

காட்டுக்குப்பத்திலிருந்து ஒருவர்:
தம்பி சொல்றது சரி. வெள்ளத் தண்ணி இறங்கும்போது எண்ணூர் பக்கமும் மாட்டும், உப்பு ஏறினா காணோம். முள்ளை விறைச்சிக்கும், வலைக்கண்ணை அறுத்தாதான் எடுக்க முடியும். கொடுவா வலை என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும். மடவை விழுற இடத்துல இது விழுந்தா அன்னிக்கு வருமானம் போச்சு.

பழவேற்காட்டிலிருந்து ஒருவர்:
அந்த முள்ளுக்காகவே கரையில் அப்படியே போடாதீங்க அண்ணே. பியூர்ட்டோ ரிகோவில் இதை விழுங்கிய கூழைக்கடாக்கள் தொண்டை அடைத்துச் செத்திருக்கின்றன, நம்ம ஏரிக்கும் கூழைக்கடா வருது. இது காற்றைக் குடித்து மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். செத்துவிட்டதா என்று பார்த்து, தண்ணீரை விட்டுத் தள்ளிக் குழி தோண்டிப் புதையுங்கள். வீட்டுத் தொட்டியில் வைத்திருப்பவர்கள் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள், தயவுசெய்து ஆற்றில் விடாதீர்கள்.