பினாங்கு ஆயர் ஈத்தாம் அண்டை வீட்டார் குழு: சனிக்கிழமை சுருள் தட்டு

மாலா அக்கா: செல்வம் தம்பி, சுத்துறதை உத்துப் பார்த்துட்டு வேற எதையாவது பார்த்தா அதுவும் அசையற மாதிரி தெரியுமே, அந்தச் சுருள் தட்டு பிள்ளைங்களுக்குச் செய்யணும். அளவு போடுங்க.

செல்வம்: மணிலா அட்டைல 20 செமீ வட்டம். 3 சுருள் கை, ஒவ்வொண்ணும் நடுவுலேர்ந்து ஓரம் வரைக்கும் ஒரே சுத்து. கறுப்பு 1.5 செமீ, வெள்ளை 1.5 செமீ. நட்டநடுவுல சிவப்புப் பொட்டு.

குமார்: என்கிட்ட பழைய ஃபேன் மோட்டார் இருக்கு அண்ணே.

செல்வம்: வேணாம்டா. அந்த வேகத்துல கோடெல்லாம் கலந்து சாம்பல் தட்டாத் தெரியும். அசைவே படலன்னா அப்புறம் என்ன வரும்? கேக்குக்கு ஐசிங் போடுற சுழல் மேடை போதும். கையால, 2 விநாடிக்கு 1 சுத்து. நடு விலகாம ஒட்டு. ஆடுச்சுன்னா கண்ணும் கூடவே ஓடும்.

தேவி டீச்சர்: கண்ணு நகரக்கூடாது. விழித்திரையில எந்த இடம் அசைவைப் பார்த்துச்சோ அங்கதான் விளைவு வரும். பொட்டையே 45 விநாடி பார்க்கணும். இடையில எதிர்ப்பக்கம் சுத்திட்டா சேர்ந்தது கரைஞ்சிடும்.

மாலா அக்கா: அப்புறம் வெள்ளைச் சுவரா?

தேவி டீச்சர்: வெறுஞ்சுவர்ல சரியா பிடிக்காதுக்கா. அவங்கவங்க புறங்கையப் பார்க்கட்டும், அதுல ரேகை இருக்கு. சுருள் உள்ளே போற மாதிரி சுத்தியிருந்தா கை வீங்கும். உத்துப் பார்த்தா விரல் ஒண்ணும் பெரிசாகியிருக்காது! அசையுது, ஆனா இடம் மாறல. இதுலயே எனக்குப் பிடிச்சது அதான். மூளை ரெண்டையும் தனித்தனியாக் கணக்குப் பண்ணுது.

குமார்: நரம்பு களைச்சுப் போச்சுன்னு சொல்லிடலாமா?

செல்வம்: பாதி சரி. உள்பக்கம் போற அசைவுக்கு ஒரு நரம்பு அணி, வெளிப்பக்கம் போறதுக்கு இன்னொண்ணு. சும்மா இருக்கும்போதும் ரெண்டும் மெல்ல வேலை செய்யும், தராசு மாதிரி. உள் அணி அடங்கினா வெளித்தட்டு கனக்கும். ஆனா வெறும் களைப்புன்னா கண்ணை மூடினதும் போயிடணுமே? 30 விநாடி மூடித் திறக்கச் சொல்லு, இன்னும் மிச்சம் இருக்கும்.

தேவி டீச்சர்: ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்துட்டு மத்த கண்ணுக்கு மாத்துங்க. அதுலயும் கொஞ்சம் மங்கலா வரும். ரெண்டு கண்ணு தகவலும் மூளைப் புறணியிலதான், அதாவது மூளையோட மேலடுக்குலதான் சேருது. விழித்திரையை மட்டும் குத்தம் சொல்ல முடியாது.

பெரியப்பா: 1834ல ராபர்ட் ஆடம்ஸ் ஸ்காட்லாந்து ஃபாயர்ஸ் அருவியைப் பார்த்துட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்தாரு, பாறை மேல்நோக்கிப் போற மாதிரி தெரிஞ்சுச்சாம்.

செல்வம்: ஆமா பெரியப்பா. ஹேண்ட்போன்ல அருவி வீடியோ போட்டாலும் வரும், அருவி பார்க்க நம்ம பினாங்கு தண்ணீர்மலை ஏற வேணாம் 😄

மாலா அக்கா: வலிப்பு வர்ற பிள்ளைங்க?

தேவி டீச்சர்: கறுப்பு வெள்ளைப் பட்டை அசையறது சிலருக்கு ஒத்துக்காது. முதல்லயே பெத்தவங்களைக் கேட்டுடுங்க. அந்தப் பிள்ளைங்க தட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஸ்டாப்வாட்ச் பிடிக்கட்டும்.