சான் டியேகோ சாக்கர்ஸ் அணிக்கு 10 பட்டமா, 16 பட்டமா?

வலைக்காப்பு:
அமெரிக்க இன்டோர் (உள்ளரங்க) கால்பந்து அணிகளைப் பற்றி ஒரு பட்டியல் தயார் செய்கிறேன். சான் டியேகோ சாக்கர்ஸ் எத்தனை பட்டம் வென்றது என்பதில்தான் சிக்கல். 8, 10, 14, 16 என்று ஆளுக்கொரு கணக்கு. எதை எழுதுவது? 1978-ல் அந்த ஊருக்கு வந்த அதே கிளப்தானா இன்றைக்கும் ஆடுவது?

சுவர்ப்பாஸ்:
நான்கு எண்ணுமே எங்கிருந்து வந்தன என்று சொல்லிவிடலாம். என்ஏஎஸ்எல் (நார்த் அமெரிக்கன் சாக்கர் லீக்) நடத்திய இன்டோர் சீசனில் 1981–82, 1983–84 என 2 பட்டம். எம்ஐஎஸ்எல்லில் (மேஜர் இன்டோர் சாக்கர் லீக்) 1982–83, 1984–85, 1985–86, பிறகு 1987–88 முதல் 1991–92 வரை தொடர்ந்து 5, ஆக 8. இரண்டையும் கூட்டினால் 10. அதாவது 11 சீசனில் 10 பட்டம்! நடுவில் கைவிட்டுப் போனது 1986–87 மட்டும்தான். அதை டாலஸ் சைட்கிக்ஸ் தட்டிச் சென்றது. பிஏஎஸ்எல்லில் (ப்ரொஃபெஷனல் அரீனா சாக்கர் லீக்) 2009–10 முதல் 2012–13 வரை 4 சேர்த்தால் 14. எம்ஏஎஸ்எல்லில் (மேஜர் அரீனா சாக்கர் லீக்) 2021, 2022 இரண்டையும் சேர்த்தால் 16.

பெரும்பாலும் பிழை நுழைவது 1982–83-ல்தான். அந்த ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் சாக்கர்ஸ், சிகாகோ ஸ்டிங், கோல்டன் பே எர்த்க்வேக்ஸ் மூன்றும் என்ஏஎஸ்எல்லில் இருந்துகொண்டே எம்ஐஎஸ்எல்லில் ஆடின. மறு ஆண்டு சாக்கர்ஸ் பழைய இடத்துக்கே திரும்பி, அங்கும் வென்றது. லீக் வாரியாகப் பட்டியல் போட்டால் இது கட்டாயம் குழப்பும். ஆண்டு வாரியாகப் போடுங்கள்.

இன்னொன்று, எம்ஐஎஸ்எல் என்ற பெயரில் மூன்று லீக்குகள் இருந்தன. முதலாவது 1978 முதல் 1992 வரை. அதுவே 1990-ல் எம்எஸ்எல் (மேஜர் சாக்கர் லீக்) என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதனால் 1991, 1992 பட்டங்கள் எம்எஸ்எல் என்ற தலைப்பில் கிடக்கும். தேடுபவர் கண்ணில் படாமல் போய்விடும்.

மூன்றாம் கோடு:
எண்ணிக்கையோடு நிறுத்தாமல் ஏன் வென்றார்கள் என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள், அதுதான் இந்த அணியின் அழகு. களம் ஐஸ் ஹாக்கி அரங்கின் அளவு, சுமார் 200 அடிக்கு 85 அடி. கோல்கீப்பரோடு 6 பேர், 15 நிமிடம் வீதம் 4 குவார்ட்டர். ஆட்டம் நிற்காமலே ஆள் மாற்றலாம். சுற்றிலும் போர்டு, அதன்மேல் கண்ணாடி. அதில் பட்டுத் திரும்பும் பந்து ஆட்டத்திலேயே இருக்கும். வலைக்குப் பக்கத்திலுள்ள போர்டும் அப்படித்தான். ஆகவே போஸ்டுக்கு ஓரடி வெளியே வேண்டுமென்றே பலமாக அடிப்பார்கள். கீப்பர் அந்தப் பக்கம் சாய்ந்த நொடியில் பந்து போர்டில் மோதி வலைக்கு முன்னால் வந்து விழும். அங்கே ஒருவர் காத்திருப்பார். கால் நுணுக்கமும் கோணக் கணக்கும் உள்ளவர்களுக்கே இது கைவரும். பயிற்சியாளர் ரான் நியூமன் சேர்த்த ஆட்களைப் பாருங்கள்: ஹங்கேரியில் பிறந்த ஜூலி வீ, 1974 உலகக் கோப்பையில் போலந்தின் கேப்டனாக இருந்த காஸிமியேஷ் டெய்னா, நியூயார்க் ஆரோஸ் அணிக்கு முதல் நான்கு எம்ஐஎஸ்எல் பட்டங்களை வாங்கித் தந்த ஸ்டீவ் சுங்குல். கோல்கீப்பர்களை யாரும் பேசுவதில்லை, அது எனக்கு வருத்தம்தான். 1983-ல் ஆலன் மேயர், 1991-ல் விக்டர் நொகெய்ரா என்று இரண்டு சாக்கர்ஸ் கீப்பர்கள் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதையே பெற்றார்கள்.

சுலபமாக வென்றார்கள் என்றும் எழுதிவிடாதீர்கள். 1986 இறுதித் தொடரில் மினசோட்டா ஸ்டிரைக்கர்ஸிடம் 1–3 என்று பின்தங்கி, கடைசி மூன்று ஆட்டத்தையும் வென்றுதான் கோப்பையைத் தக்கவைத்தார்கள்.

சுவர்ப்பாஸ்:
அதே கிளப்தானா என்ற கேள்விக்கு வருகிறேன். நிறுவனமாகப் பார்த்தால் அல்ல. 1987–88-ல் 11 அணி இருந்த எம்ஐஎஸ்எல் அடுத்த சீசனில் 7 ஆகச் சுருங்கியது. 1992-ல் லீக்கே மூடப்பட்டது. சாக்கர்ஸ் கோடையில் நடந்த சிஐஎஸ்எல் (கான்டினென்டல் இன்டோர் சாக்கர் லீக்) என்ற இன்னொரு லீக்குக்குப் போய் 1996-ஓடு நின்றது. 2001-ல் பெயர் மறுபடி உயிர்பெற்றது. 2004 டிசம்பரில் சீசன் நடுவிலேயே அந்த அணியும் மூடியது. இப்போதுள்ளது 2009-ல் தொடங்கியது. தொடர்ந்து 48 ஆட்டங்களை வென்றது இந்த மூன்றாவது அணிதான்.

வலைக்காப்பு:
அப்படியானால் கட்டத்தில் 16 என்று போட்டுவிடலாமா?

மூன்றாம் கோடு:
போடலாம், ஆனால் "10 (1982–92) + 6 (2010 முதல்)" என்று பிரித்துப் போடுங்கள். 2001–04 அணிக்குப் பட்டம் இல்லை. பக்கத்திலேயே "இன்டோர் மட்டும்" என்றும் குறியுங்கள். என்ஏஎஸ்எல் அவுட்டோர் போட்டியில் சாக்கர்ஸ் ஒருமுறைகூட சாம்பியன் ஆனதில்லை.