மூன்றாம் பருவத் தொடக்கம்: இரண்டாம் வகுப்புக்கு யோசனை வேண்டும்

வணக்கம் ஆசிரிய நண்பர்களே. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தாயிற்று, என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் மனம் இன்னும் திரும்பி வரவில்லை! வரிசையில் நிற்பது, கை தூக்கிவிட்டுப் பேசுவது எல்லாம் மறந்துவிட்டது. பதினோரு மணிக்கே ஒருத்தி சாப்பாட்டுத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். போதாக்குறைக்குப் புதிய கால அட்டவணையில் கணக்கு மதியத்துக்குப் போய்விட்டது. சத்துணவு சாப்பிட்ட கையோடு கழித்தல் என்றால் பாதிப் பேர் தூங்கி வழிகிறார்கள். (எனக்கே கண் சொக்குகிறது, அது வேறு கதை.)

கொஞ்சம் பழகுவதற்குள் பொங்கல் விடுமுறை வந்துவிடும். அதுவரை பாடத்தைக் குறைத்து வகுப்பறைப் பழக்கங்களை மட்டும் பார்க்கலாமா, இல்லை பொங்கலுக்குப் பிறகு ஒரேயடியாகத் தொடங்கலாமா? அப்புறம், மதியக் கணக்கு வகுப்புக்கு நீங்கள் செய்துபார்த்த விளையாட்டு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்பும் அதே அறையில்தான், அதனால் சத்தம் குறைவானதாக இருந்தால் நல்லது.