‘உங்கள் ஊதியம் எங்கே?’: நல்கைக்கு விண்ணப்பித்த கேம் படைப்பாளர்களின் அனுபவங்கள்

தனி ஆளாக வீடியோ கேம் உருவாக்கத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஐந்து நல்கைகளுக்கு (திருப்பித் தர வேண்டாத நிதியுதவிகளுக்கு) விண்ணப்பித்திருக்கிறேன். நான்கு மறுக்கப்பட்டன, ஒன்று கிடைத்தது. கிடைத்த கதையைவிட முதல் மறுப்பின் கதைதான் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் அதையே எழுதுகிறேன்.

அந்த விண்ணப்பத்தை எழுத மூன்று வாரங்கள் எடுத்துக்கொண்டேன். அதில் இரண்டரை வாரம் கதைக்களத்தையும் ஓவியப் பாணியையும் விளக்குவதிலேயே போயிற்று. பட்ஜெட் தாளைக் கடைசி நாளுக்கு முந்தைய இரவில்தான் திறந்தேன். இசைக்கு இவ்வளவு, ஒலிப்பதிவுக்கு இவ்வளவு, மென்பொருள் உரிமங்களுக்கு இவ்வளவு, மொழிபெயர்ப்புக்கு இவ்வளவு என்று வரிசையாக நிரப்பிக்கொண்டே வந்து, ‘நிரலாக்கமும் வடிவமைப்பும்’ என்ற வரிக்கு நேரே ஒரு பூஜ்யத்தைப் போட்டேன். அந்த வேலையைச் செய்யப்போவது நான்தான். என் உழைப்புக்கு நானே பணம் கேட்டால் பேராசைக்காரன் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். கேட்கும் தொகை குறையக் குறையக் கிடைக்கும் வாய்ப்பு கூடும் என்ற கணக்கும் உள்ளூர இருந்தது.

மறுப்புக் கடிதத்தோடு மதிப்பீட்டாளரின் குறிப்பும் இணைக்கப்பட்டிருந்தது. (பல அமைப்புகள் ஒற்றை வரியில் மறுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். குறிப்பு அனுப்புகிறவர்கள் கிடைத்தால், தோற்றாலும் அங்கே ஒரு முறை விண்ணப்பிப்பது வீண் அல்ல.) கேமைப் பற்றி இரண்டு நல்ல வாக்கியங்கள் இருந்தன. மற்றதெல்லாம் அந்தப் பூஜ்யத்தைப் பற்றியதுதான். பதினான்கு மாத வேலையை ஊதியமே இல்லாமல் செய்யப்போகும் ஒருவர் அந்தப் பதினான்கு மாதமும் எதைக் கொண்டு வாழ்வார், வேறு வேலைக்குப் போவார் என்றால் வாரத்தில் எத்தனை மணி நேரம் இதற்கு மிஞ்சும், அவ்வளவு நேரத்தில் பதினான்கு மாதம் என்ற கால அட்டவணை எப்படிப் பொருந்தும் என்று கேட்டிருந்தார்கள். நான் பணிவு என்று நினைத்து எழுதியது அவர்களுடைய கண்ணில் கணக்குப் பிழையாகப் பட்டிருக்கிறது. நான் எழுதியிருந்தபடி பார்த்தால், கேம் பாதியில் நிற்பதற்கான காரணத்தை நானே கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தேன்.

இதில் இன்னொரு இழப்பும் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. பல நல்கைகள் முழுச் செலவையும் தருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் கிரியேட்டிவ் யூரோப் மீடியா திட்டத்தில் கேம் உருவாக்கத்துக்கான உதவிக்குச் செலவில் 60 சதவீதம் என்ற உச்சவரம்பும் 2 லட்சம் யூரோ என்ற மேல்வரம்பும் வைத்திருக்கிறார்கள். மிச்சத்துக்கு வழி என்ன என்பதை விண்ணப்பிப்பவர் காட்ட வேண்டும். வேறு சில அமைப்புகள் ஊதியம் பெறாத உழைப்பையும் ஒரு நாள் கூலி விகிதத்தில் மதிப்பிட்டு, நம் தரப்புப் பங்களிப்பாக ஏற்றுக்கொள்கின்றன. உழைப்புக்குப் பூஜ்யம் போட்டவருக்கு அந்தப் பங்களிப்பும் பூஜ்யம்தான்.

அடுத்த முறை பட்ஜெட்டை முதலில் எழுதினேன். ஒரு நாளுக்கான என் ஊதியத்தை வரையறுத்து, நாள்களால் பெருக்கி, சோதனைக்கும் பிழை திருத்தத்துக்கும் தனியே நாள்களைச் சேர்த்து, எதிர்பாராத செலவுக்கு 10 சதவீதம் ஒதுக்கியபோது மொத்தத் தொகை முந்தையதைப் போல் மூன்று மடங்கு ஆயிற்று. அந்தத் தொகை அந்த நல்கையின் வரம்பைத் தாண்டியதால், கேமில் இருந்த ஐந்து நிலப்பகுதிகளில் இரண்டை வெட்டினேன். வெட்டியபோது வலித்தது, இன்று அந்த இரண்டும் என்ன என்பதைக் குறிப்பேட்டைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

* * *

மேலே எழுதியவர் பட்ஜெட்டைப் பற்றிச் சொல்லிவிட்டதால், அதற்கும் முந்தைய படியில் நான் தடுக்கி விழுந்ததைச் சொல்கிறேன்.

கேம்களுக்கான நிதியைக் கேம் துறையின் பெயர்ப் பலகைகளுக்குக் கீழே மட்டும் இரண்டு ஆண்டுகள் தேடிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது பல நாடுகளில் திரைப்பட அமைப்புகளின் கையில் இருக்கிறது. பிரான்சில் சிஎன்சி, ஆஸ்திரேலியாவில் ஸ்க்ரீன் ஆஸ்திரேலியா என்று பல எடுத்துக்காட்டுகள் உண்டு. 2019இல் வெளிவந்து உலகமெங்கும் பேசப்பட்ட ‘அன்டைட்டில்ட் கூஸ் கேம்’, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் திரைப்பட அமைப்பான ஃபிலிம் விக்டோரியாவின் உதவியைப் பெற்ற ஒன்று. இதனால் வரும் ஒரு தொல்லை, விண்ணப்பப் படிவத்தில் சினிமாவின் வாடை வீசும் என்பதுதான். நான் நிரப்பிய ஒரு படிவம் ‘இயக்குநர்’, ‘திரைக்கதை ஆசிரியர்’, ‘ஓடும் நேரம்’ ஆகிய மூன்றையும் கட்டாயக் கட்டங்களாகக் கேட்டது. புதிர்க் கேமுக்கு ஓடும் நேரம் என்ன? ஆடுபவரின் மூளையைப் பொறுத்தது என்று எழுதத் துணிவில்லாமல் ‘ஆறு மணி நேரம்’ என்று எழுதினேன்.

பண்பாட்டு மதிப்பீடு என்ற பகுதியில்தான் விழுந்தேன். அரசு சார்ந்த நிதியில் இது அடிக்கடி வரும். பிரிட்டன் 2014இல் கேம்களுக்கான வரிச் சலுகையைக் கொண்டுவந்தபோது வைத்த பண்பாட்டுத் தேர்வு இதற்குத் தெளிவான மாதிரி: மொத்தம் 31 மதிப்பெண், தேற 16 வேண்டும்; அந்த 31இல் 16 மதிப்பெண் கதை நிகழும் இடம், பாத்திரங்கள், பொருள், மொழி ஆகியவற்றுக்கு. அது வரிச் சலுகையே தவிர நல்கை அல்ல. ஆனால் நான் விண்ணப்பித்த இடத்திலும் ஏறக்குறைய இதே கேள்விகள் இருந்தன. என் கேமில் இருப்பவை சதுரங்களும் வட்டங்களும். அவை எந்த மண்ணில் வாழ்கின்றன, எந்த மரபைச் சேர்ந்தவை என்று நான் எதை எழுதுவது? வலிந்து ஒரு கதையை ஒட்டி எழுதினேன், ஒட்டு தெரிந்தது. மதிப்பெண் பட்டியல் முன்கூட்டியே வெளியிடப்பட்டிருந்தது; அதைப் பார்த்திருந்தால் விண்ணப்பிக்காமலே விட்டிருப்பேன், ஒரு மாத வேலை மிஞ்சியிருக்கும்.

பில்ட் (இயக்கிப் பார்க்கக்கூடிய கேம் கோப்பு) அனுப்புவதைப் பற்றியும் ஒரு சொல். வேறொரு சுற்றில் ஆடிப் பார்க்கக்கூடிய முன்மாதிரியைக் கேட்டார்கள். என் கணினியில் அது அருமையாக ஓடியது. அனுப்பிய மறுநாள் ஒரு நண்பரின் கணினியில் திறந்து பார்த்தபோதுதான், உருவாக்கியவரை உறுதிப்படுத்தும் இலக்கமுறைக் கையொப்பம் இல்லாத கோப்பு என்பதால் விண்டோஸ் நீல நிற எச்சரிக்கைத் திரையைக் காட்டுவதும், ‘மேலும் தகவல்’ என்பதை அழுத்தினாலொழிய ‘எப்படியும் இயக்கு’ என்ற பொத்தானே தென்படாது என்பதும் தெரிந்தன. அந்தத் தடையைத் தாண்டினால் முதல் காட்சி கருப்பாக நின்றது. படங்கள் இருக்கும் கோப்புறையின் முகவரியை என் கணினியில் இருந்தபடியே நிரலில் எழுதி வைத்திருந்தேன். ஐம்பது விண்ணப்பங்களைப் பார்க்கும் ஒருவர் கருப்புத் திரையின் முன் எவ்வளவு நேரம் காத்திருப்பார்?

* * *

சுருக்கமாக என் அனுபவம். எபிக் நிறுவனம் 2019 மார்ச்சில் மெகாகிராண்ட்ஸ் என்ற பெயரில் 10 கோடி டாலர் ஒதுக்கி, ஒவ்வொரு நல்கையும் 5,000 முதல் 5 லட்சம் டாலர் வரை என்று அறிவித்தபோது, அந்த நிறுவனத்தின் கேம் உருவாக்க மென்பொருளான அன்ரியல் எஞ்சினைப் பயன்படுத்தாத எனக்கு அதில் வேலை இல்லை என்று ஒதுங்கிவிட்டேன். அதே ஆண்டு ஜூலையில் முப்பரிமாணப் படங்களை உருவாக்கும் மென்பொருளான பிளெண்டருக்கு அந்த வரம்பையும் தாண்டி 12 லட்சம் டாலரும், 2020இல் கோடோ என்ற எஞ்சினுக்கு 2.5 லட்சம் டாலரும் அதிலிருந்து போயின. கோடோவே ஒரு போட்டி எஞ்சின்! திறந்த மூலக் கருவிகளுக்கும் (நிரலை யாரும் பார்த்து மாற்றிப் பயன்படுத்தக்கூடியவை) அதில் இடம் உண்டு என்ற வரி அறிவிப்பில் இருந்தது. நான்தான் அதைக் கவனிக்காமல் கடந்திருக்கிறேன்.

அதன் பிறகு என் கேமுக்காக எழுதி வைத்திருந்த வரைபடத் திருத்தியை (கேமின் நிலப்பகுதிகளை வரையும் கருவியை) தனியே பிரித்து, ஆவணங்கள் எழுதி, திறந்த மூல உரிமத்தில் வெளியிட்டு, கருவிகளுக்கு உதவும் ஒரு சிறிய நிதிக்கு விண்ணப்பித்தேன். கேமைக் காட்டி நான்கு இடங்களில் கிடைக்காத பணம் கருவியைக் காட்டிக் கிடைத்தது. அந்தப் பணத்தில் கருவியை முடித்தேன். கேமும் அதனால் நகர்ந்தது.

* * *

எனக்கு நல்கை கிடைத்தது. கிடைத்த பிறகு நடப்பதை யாரும் இங்கு எழுதாததால் எழுதுகிறேன்.

மொத்தத் தொகையும் ஒரே நாளில் வங்கிக்கு வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஒப்பந்தம் கையெழுத்தானதும் 40 சதவீதம், இடைக்கால மைல்கல்லுக்குப் பிறகு 40 சதவீதம், இறுதி அறிக்கையும் கணக்கும் ஏற்கப்பட்ட பிறகு மீதி 20 சதவீதம் என்று பிரித்திருந்தார்கள். அந்தக் கடைசி 20 சதவீதத்தை முதலில் நான் செலவழித்துவிட்டு, பிறகுதான் திரும்பப் பெற முடியும். ஒப்பந்த நாளுக்கு முன் வாங்கிய எதுவும் கணக்கில் சேராது என்ற விதியும் இருந்தது. அதைக் கவனிக்காமல், கிடைக்கப்போகும் மகிழ்ச்சியில் இசையமைப்பாளருக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். அது என் சொந்தச் செலவாயிற்று. போதாக்குறைக்கு, வந்த நல்கை அந்த ஆண்டின் வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரியும் கட்டினேன். பட்ஜெட்டில் வரிக்கு ஒரு வரி இல்லை.

இவை எல்லாம் பணத்தோடு போகும். எனக்குத் தூக்கம் கெட்டது வேறொன்றால். விண்ணப்பத்தில், சற்று எடுப்பாகத் தெரியட்டும் என்று, இருவர் சேர்ந்து ஆடும் வசதி இருக்கும் என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அந்த வாக்கியம் அப்படியே ஒப்பந்தத்தின் இணைப்பில் இரண்டாவது மைல்கல்லாக வந்து உட்கார்ந்துகொண்டது. ஆறாவது மாதம் அதைச் செய்து முடித்து ஆட வைத்துப் பார்த்தேன். பதினோரு பேரில் ஒன்பது பேர் கால் மணி நேரத்துக்குள் தனியே ஆடும் முறைக்குத் திரும்பிவிட்டார்கள். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருப்பதிலேயே கேமின் வேகம் செத்துப்போனது. வைத்துக்கொண்டால் கேம் கெடும், எடுத்துவிட்டால் ஒப்பந்தம் முறியும் என்று நினைத்து, ஒருவரிடமும் சொல்லாமல் ஏழு வாரம் அதைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அந்தப் பதினோரு பேரின் ஆட்ட நேரங்களை ஒரு பக்க அட்டவணையாக்கி, அந்த மைல்கல்லை நீக்கிவிட்டு அதே நாள்களைப் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான அமைப்புகளில் செலவிட அனுமதி கேட்டுத் திட்ட அலுவலருக்கு எழுதினேன். மறுநாள் காலை இரண்டு வரியில் பதில் வந்தது. மாற்றம் ஏற்கப்பட்டது என்பது முதல் வரி. இத்தகைய கோரிக்கைகள் வழக்கமானவையே, அடுத்த முறை முன்னதாகவே எழுதுங்கள் என்பது இரண்டாவது வரி.